மின்முழவும் விளையாட்டுப் பொறியும்

தாளம் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமா, பொறியே போதுமா என்னும் வினாவை எழுப்பியவற்றுள் ஹார்மோனிக்ஸ் நிறுவனம் உருவாக்க, 2007-இல் வெளிவந்த 'ராக் பேண்ட்' என்னும் வீடியோ விளையாட்டும் ஒன்று. திரையில் வண்ணக் குறிகள் இறங்கி வரும்; அவை கோட்டைத் தொடும் நொடியில் உரிய தட்டை அடித்தல் வேண்டும். நான்கு தட்டுகளும் ஒரு மிதிகட்டையும் அதனுடன் அமைந்தன. 2010-இல் வந்த மூன்றாம் பதிப்பு, இசைக்கலைஞர் கையாளும் மின்முழவையே பொறியோடு இணைக்க வழி செய்தது.

அவ்விணைப்பின் இயல்பை அறிந்தால் விளையாட்டின் இயல்பும் விளங்கும். விளையாட்டு மிதிகட்டையில் இருப்பது காந்தத்தால் இயங்கும் சிறு விசை. மிதித்ததையும் மிதியாததையும் மட்டுமே அது அறியும். மின்முழவின் மிதிகட்டையோ அதிர்வை மின்துடிப்பாக்கும் பீசோ வில்லையைக் கொண்டது. ஆகவே ஒன்றின் கம்பியை மற்றொன்றில் செருகிவிட்டால் போதாது. முழவின் ஒலிப்பெட்டி அத்துடிப்பை எண்ணாக்கி, 1983-இல் தோன்றிய 'மிடி' முறையில் ஓர் இணைப்புக் கருவிக்கு அனுப்ப, அக்கருவி அதனைப் பொறிக்கு விளங்கும் குறியாக மாற்றுகிறது. அடியின் வன்மையை 1 முதல் 127 வரை அளந்து கூறவல்லது மிடி. எனினும் மதிப்பெண் இடுகையில் விளையாட்டு அதனைக் கருதுவதில்லை. எந்தத் தட்டு, எந்த நொடி என்பவையே அதற்குக் கணக்கு. நுண்மை வாயில்வரை வந்து வெளியே நின்றுவிடுகிறது.

இதனால் பயனில்லை என்று கூறுதல் நடுநிலை ஆகாது. பொத்தான் அழுத்தும் கிதார் விளையாட்டினும் முழவு விளையாட்டு உண்மை வாசிப்புக்கு நெருங்கியது. உயர்நிலையில், பாடலில் உள்ள அடிகளையே பெரும்பாலும் கையும் காலும் அடிக்கின்றன. காலப் பிரமாணம் பிறழாமையும், கை ஒருவழி செல்லக் கால் மற்றொருவழி செல்லும் பழக்கமும் இதனால் வாய்க்கும். நம் மரபில் கையின் தாளம் முழவோர்க்கும் காலின் தாளம் ஆடுவோர்க்கும் உரியவை. ஒருவரே இரண்டையும் பயில்வது நமக்குப் புதிய பயிற்சி, கொள்ளத்தக்கதும் ஆகும்.

குறை வேறிடத்தில் உள்ளது. திரையில் இல்லாத ஓர் அடியை வாசிப்பவர் சேர்த்தால், விளையாட்டு அதனைப் பிழையெனக் கொண்டு தொடர்ச்சியை அறுத்துவிடும். இடையிடையே சில இடங்களில் மட்டும் விருப்பம்போல் அடிக்க இசைவு உண்டு. மிருதங்கக் கலைஞரின் பெருமையோ எழுதாததைத் தனியாவர்த்தனத்தில் படைப்பதில் இருக்கிறது. நாம் மனோதர்மம் என்று போற்றுவதைப் பொறி தவறு என்று தண்டிக்கிறது. மேலும், நம் மாணவன் சொற்கட்டை வாயால் சொல்லிச் செவியில் ஏற்றிய பின்னரே கையால் வாசிக்கிறான். பொறியின் மாணவனுக்குக் கண்ணே வழிகாட்டி. திரை அணைந்தால் அவன் தாளமும் அணையக்கூடும்.

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத் தமிழாசிரியர்க்கு இது தொலைவான செய்தியன்று. கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடைப்பட்ட அவ்வூரில் தீர்வையற்ற தொழில் வட்டாரம் ஒருபால். கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள் மறுபால். மின்கருவியும் தோற்கருவியும் ஒரே இல்லத்தில் இருத்தல் அங்கு வியப்பன்று. சிலாங்கூர்க் கோயில் விழாக்களில் உருமி மேளம் இளைஞரை ஈர்த்து வருகிறது. உருமியின் ஒரு முகத்தை அடிப்பர். மறுமுகத்தை வளைந்த கோலால் தேய்ப்பர். அத்தேய்ப்பில் எழும் உறுமலே அதற்குப் பெயரும் உயிரும் தந்தது. 'அடித்தான், அடிக்கவில்லை' என்று மட்டும் அறியும் பொறிக்கு அவ்வுறுமல் கேளாது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் தோற்கருவிகளின் பெயர்களை நீளத் தொகுத்துரைத்தார். அவற்றுள் பல இன்று பெயரளவில் நிற்கின்றன. கேட்கும் செவி குறையின் உருமிக்கும் அந்நிலை நேரும்.

எனவே மிதிகட்டையைப் பொறியோடு இணைக்கும் மாணவனைத் தடுக்க வேண்டுவதில்லை. ஒரு பாடல் கைவந்தபின் திரையை அணைத்து வாசிக்கச் செய்க. மின்முழவின் ஒலிப்பெட்டி பொறியின்றியும் ஒலிக்கும். அவன் வாசித்ததை வாயால் சொல்லச் செய்க. பின்னர் ஓர் அடி கூட்டச் செய்க. பொறி பிழையென்னும் அந்த அடியிலேதான் இசை தொடங்குகிறது.