பந்தை எறிந்து அணுக்கருவை அளக்கும் வகுப்பு

அமெரிக்காவின் எம்ஐடி இணையத்தில் வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் புதிய சரக்கில்லை. 2001-ல் அறிவித்தார்கள். பாடம், வினாத்தாள், விடை எல்லாம் இலவசம். சான்றிதழ் கிடையாது. அதில் 5.111 என்ற எண்ணுள்ள முதலாண்டு வேதியியலை, கேத்தரின் டிரென்னன் 2014-ல் நடத்திய வடிவத்தில், சில வாரங்களாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்து வருகிறேன்.

என்னை முதலில் கவர்ந்தது பாடமே இல்லை; போன் நம்பர் கேட்காததுதான். இதற்கு முன், பெயர் வேண்டாம், வேறொரு செயலியில் 'இலவச வேதியியல்' என்று போட்டிருந்ததை நம்பி நம்பரைக் கொடுத்தேன். மோல் கணக்கு தொடங்குவதற்குள் அழைப்பு வந்துவிட்டது. "சார், பையன் எந்த கிளாஸ்?" பையன் இல்லீங்க, நான்தான் படிக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பரவாயில்ல சார், ரெண்டு வருஷ பேக்கேஜ்ல சேர்ந்துடுங்க" என்றார் அந்தத் தம்பி. அதற்குப் பிறகும் விடவில்லை.

சரி, 5.111-க்கு வருவோம். இரண்டாவது வகுப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். எலக்ட்ரானையும் அணுக்கருவையும் கண்டுபிடித்த கதை அது. ரூதர்ஃபோர்டின் பொன் தகட்டுச் சோதனை நம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு படமும் மூன்று முடிவுகளுமாக வரும். மனப்பாடம் செய்தால் மார்க். இங்கே வகுப்புக்குள் ஒரு சட்டத்தில் பந்துகளைத் தொங்கவிட்டு, மாணவர்கள் கையில் பிங்பாங் பந்துகளைக் கொடுத்துவிடுகிறார்கள். எறிய வேண்டியதுதான். பெரும்பாலானவை இடைவெளியில் புகுந்து போய்விடும். சில மட்டும் மோதித் திரும்பும். திரும்பியவற்றை எண்ணுகிறார்கள். எறிந்ததில் எத்தனை பங்கு திரும்பியது என்ற விகிதத்தால் சட்டத்தின் பரப்பைப் பெருக்கி, தொங்கும் பந்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பந்து அடைக்கும் வட்டத்தின் பரப்பு வந்துவிடும். அதிலிருந்து விட்டம். அளவுகோல் வைக்காமலே ஒரு பொருளை அளந்தாயிற்று! மான்செஸ்டரில் 1909-ல் ரூதர்ஃபோர்டின் கீழ் வேலை செய்த கைகரும் மார்ஸ்டனும் எண்ணியதும் இப்படித்தான். தகட்டின் மீது பாய்ச்சியதில் ஏறக்குறைய 8,000 ஆல்ஃபா துகளுக்கு ஒன்று திரும்பியது. மார்ஸ்டனுக்கு அப்போது வயது 20. பந்து எறிகிற பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான் இருக்கும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. பந்து, பந்தின் மேல் பட்டால்தான் திரும்பும். ஆல்ஃபா துகள் அப்படியில்லை. துகளுக்கும் கருவுக்கும் நேர்மின்சுமை என்பதால் கருவைத் தொடாமலே தள்ளப்பட்டுத் திரும்பிவிடும். ஆகவே ரூதர்ஃபோர்டுக்குக் கிடைத்தது கருவின் சரியான அளவு இல்லை, 'இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது' என்ற எல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த வகுப்பைப் போட்டுக் காட்டும் ஆசிரியர் இந்த ஒரு விஷயத்தைத் தானே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

பாடத்தின் நடுவே கிளிக்கர் கேள்விகள் வருகின்றன. மாணவர்கள் கையிலுள்ள சிறு கருவியில் விடையை அழுத்த, எந்த விடைக்கு எத்தனை சதவீதம் என்று திரையில் விழுகிறது. எம்ஐடியில் இடம் பிடித்தவர்களிலும் ஒரு பகுதியினர் தப்பான விடையைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க எனக்கு அலாதி ஆனந்தம். யார் தப்பு என்று யாரும் கேட்பதில்லை, எழுந்து நிற்கச் சொல்வதில்லை. நம் வகுப்புகளில் இது வர இன்னும் எத்தனை காலமோ! வீட்டில் பார்ப்பவர்கள் கேள்வி வந்ததும் வீடியோவை நிறுத்திவிட்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்தாமல் ஓடவிட்டால் புரிந்த மாதிரியே இருக்கும்.

குறைகள் உண்டு. பாடநூலான அட்கின்ஸ்–ஜோன்ஸ் இலவசம் இல்லை, விலையும் அதிகம். ஆய்வகம் கிடையாது, பிப்பெட்டைப் பிடிக்க இந்த வீடியோக்கள் கற்றுத் தராது. வசன வரிகள் உண்டு என்றாலும் ஆங்கில வேகம் தமிழ் வழிப் பிள்ளைகளை முதலில் மிரட்டத்தான் செய்யும். வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். கரிம வேதியியல் 5.12 என்று தனிப் பாடம் என்பதால் நீட் எழுதுபவர்கள் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. மற்றபடி, மோல், அமிலம்–காரம், வேதிச் சமநிலை என்று எதில் தடுமாறுகிறீர்களோ அந்த வகுப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். வரிசையாகப் பார்க்கவில்லையே என்று கேட்க யாரும் போன் செய்யமாட்டார்கள்.