நம்பினால் நம்புங்கள்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாசகர் நம்பக்கூடியதைத்தான் அவன் எழுதலாம். கண்ணெதிரே நடந்த விஷயமானாலும், நம்பமாட்டார்கள் என்று தோன்றினால் விட்டுவிட வேண்டியதுதான். குழந்தைகளுக்கு ஆச்சரியத் துணுக்கு எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்ப முடியாமல் இருப்பதுதான் அவர் சரக்குக்கு மதிப்பு. அதற்கு அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றே ஒன்று: சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் உலகப் பெயர் எடுத்தவர் அமெரிக்கரான ராபர்ட் ரிப்ளி. 1918 டிசம்பரில் நியூயார்க் 'குளோப்' பத்திரிகையில் அவர் வரைந்த ஒரு விளையாட்டுச் சித்திரத்திலிருந்து முளைத்ததுதான் 'நம்பினால் நம்புங்கள்' என்ற பகுதி. 1949-இல் அவர் காலமான பிறகும் அது நிற்கவில்லை. பெரியவர்களின் பத்திரிகையில் வந்தாலும் அதன் அசல் ரசிகர்கள் குழந்தைகள்தாம் என்பது என் அபிப்பிராயம். 1937-இல் பதினாலு வயதுப் பையன் ஒருவன், தன் வீட்டு நாய் குண்டூசியும் ஆணியும் பிளேடும் தின்கிறது என்று படம் வரைந்து அனுப்பினான். ரிப்ளி அதை வெளியிட்டார். பையன் பெயர் சார்லஸ் ஷூல்ஸ். பின்னாளில் அவர் படைத்துப் புகழ்பெற்ற 'ஸ்னூப்பி'க்கு மூலம் அந்த வீட்டு நாய்தான்.

ரிப்ளியின் துணுக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது லிண்ட்பெர்க்கைப் பற்றியது. 1927-இல் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாக, எங்கும் இறங்காமல் பறந்தார். அமெரிக்கா அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. ரிப்ளி என்ன எழுதினார்? அட்லாண்டிக்கை அப்படிப் பறந்து கடந்தவர்களில் லிண்ட்பெர்க் அறுபத்தேழாவது ஆள்! வசைக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆனால் ரிப்ளியிடம் கணக்கு இருந்தது. 1919-இலேயே ஆல்காக்கும் பிரௌனும் விமானத்தில் கடந்துவிட்டார்கள். அதே வருஷம் பிரிட்டனின் 'ஆர்-34' என்ற ஆகாயக் கப்பலும், 1924-இல் ஜெர்மனியில் கட்டிய இன்னொன்றும் கூட்டமாக ஆட்களைச் சுமந்துகொண்டு கடந்தன. தனியாகக் கடந்தவர்களில் முதல்வர் லிண்ட்பெர்க், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற குழந்தை முதலில் "பொய்!" என்கிறது. அடுத்து "எப்படி?" என்று கேட்கிறது. விடை கிடைத்ததும், 'முதல்' என்ற சொல்லையே இனிக் கொஞ்சம் உரசிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. நாலு வரித் துணுக்கு இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

அந்த நாலு வரிக்குப் பின்னால் உழைப்பு இருந்தது. ரிப்ளி ஊர் ஊராகச் சுற்றினார். நார்பர்ட் பேர்ல்ராத் என்பவர் 1923 முதல் 1975 வரை நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதிக்காகப் புத்தகங்களைத் துருவினார். இவ்வளவு இருந்தும் சறுக்கல் நேர்ந்தது. சந்திரனிலிருந்து கண்ணுக்குத் தெரியக்கூடிய மனித வேலை சீனப் பெருஞ்சுவர் ஒன்றுதான் என்று 1932-இல் அந்தப் பகுதி சொன்னது. அன்று சந்திரனுக்குப் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடக் கணக்கே போதுமே! சுவரின் அகலம் ஏழு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சந்திரன் இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டையும் லட்சத்தால் வகுத்தால், ஒரு தலைமயிரை ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். சந்திரன் கிடக்கட்டும், 2003-இல் பூமியைச் சுற்றி வந்த சீன வீரர் யாங் லிவெய்கூட, சுவர் தம் கண்ணில் படவில்லை என்றார்.

"குழந்தைகளுக்குத்தானே! கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பொய் வேண்டுமானால் கதை இருக்கிறது. அதற்கு நாங்கள் இருக்கிறோம். பேசும் கிளியும் பறக்கும் கம்பளமும் தங்களை உண்மை என்று சொல்லிக்கொள்வதில்லை. குழந்தைக்கும் அது தெரியும். ஆனால் 'இது நிஜம்' என்று முத்திரை குத்தி ஒரு பொய்யைக் கொடுத்தால், அது கதையாகவும் தேறாது, செய்தியாகவும் தேறாது. என்றாவது அதைக் கண்டுபிடிக்கிற குழந்தை, அடுத்து வரும் உண்மையையும் நம்பாது.

உலகத்தில் உண்மையான ஆச்சரியங்களுக்குப் பஞ்சமா? சுக்கிரன் சூரியனை ஒரு முறை சுற்றிவர நம் கணக்கில் 225 நாள். தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள 243 நாள். வருஷம் முடிந்த பிறகும் ஒரு சுற்று முடியவில்லை! ஒரு விளக்கும் எலுமிச்சம் பழமும் இருந்தால் குழந்தையே இதைச் சுற்றிப் பார்க்கலாம். அப்படிச் சோதித்துப் பார்த்த பிறகும் ஆச்சரியம் குறையாமல் இருக்கிறதே, அதுதான் நல்ல துணுக்கு.