பலகை யார் கையில்?

மரக்காணத்து உப்பை மொத்தமாக வாங்கி விற்கும் ஒருவர், கீழ்புத்துப்பட்டில் வாடகைக் கிடங்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கிடங்குக்கு வழிகாட்டும் பலகையை நட்டுப் பராமரிப்பவர் கிடங்கின் சொந்தக்காரர். அங்கே இருக்கும்வரை செலவும் அலைச்சலும் மிச்சம். கிடங்கு மாறும் அன்றுதான், பலகை தன் கையில் இல்லை என்பது உறைக்கும்.

இணையதளம் இருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமே டொமைனின் நேம் சர்வரையும் ஒப்படைப்பது இத்தகைய ஏற்பாடுதான். பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு, தளம் எந்த ஐபி எண்ணில் இருக்கிறது, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லியனுப்புவது நேம் சர்வரின் வேலை.

இதன் வசதி சாதாரணமானதல்ல. தளத்தை வேறு கணினிக்கு மாற்றினால் ஐபி எண்ணை நிறுவனமே திருத்திவிடும். வியாபாரி உப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சொந்தமாக நடத்தலாமே என்றால், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். புயலில் மின்சாரம் போனால் நின்றுவிடும் வீட்டுக் கணினியை நம்பி இங்கே நேம் சர்வர் வைக்க முடியாது.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2016 அக்டோபர் 21 அன்று, நேம் சர்வர் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட டின் நிறுவனம் தாக்கப்பட்டபோது, ட்விட்டரைப் பலரால் திறக்க முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், தன் பிழையாலேயே தன் சொந்த நேம் சர்வர்களுக்கான வழியை அடைத்துக்கொண்டு ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது.

ஆகவே, பிறரிடம் கொடுப்பது குறையல்ல. எல்லாவற்றையும் ஒரே கையில் முடிந்து கொடுப்பதே குறை. நேம் சர்வர்களை வெவ்வேறு இடங்களில் பரப்பி வையுங்கள் என்று 1997-லேயே இணைய வல்லுநர்கள் எழுதிவைத்தார்கள். மலிவு ஹோஸ்டிங்கில் இரண்டு நேம் சர்வர்களும் ஒரே கணினியில் இருப்பதுண்டு. ஹோஸ்டிங் பாக்கிக்காகக் கணக்கை முடக்கினால், வேறு நிறுவனத்தில் இருக்கும் மின்னஞ்சலும் சேர்ந்து நிற்கக்கூடும். நிறுவனம் மாறும்போது, நேம் சர்வரில் உள்ள தளத்தின் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு மின்னஞ்சலின் எம்எக்ஸ் பதிவை விட்டுவிடுவது வழக்கமான தவறு. தளம் திறக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். உப்பு கேட்டு வந்த ஆர்டர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். .காம் பெயர்களில் பழைய நேம் சர்வரின் விவரம் இரண்டு நாள்வரை பிற கணினிகளின் நினைவில் தங்கலாம். அதுவரை பழைய கணக்கை மூடக் கூடாது.

சிறு வியாபாரிக்கு என் முடிவு இது: நேம் சர்வரை ஹோஸ்டிங் நிறுவனமே நடத்தட்டும். அதை மாற்றும் அதிகாரம் டொமைனைப் பதிவுசெய்த கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இல்லாமல் தன் பெயரில், தன் கைபேசி எண்ணில் இருக்க வேண்டும். அதன் மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. நேம் சர்வர் பதிவுகளின் நகல் ஒன்றும் கைவசம் வேண்டும்.

டொமைனும் கெடு முடியுமுன் புதுப்பிக்க வேண்டிய குத்தகைதான். உப்பளத்தில் பாத்தி கட்ட ஆள் வைக்கலாம், வாரி அள்ளவும் ஆள் வைக்கலாம். குத்தகைச் சீட்டில் மட்டும் யாரும் அடுத்தவர் பெயரை எழுதுவதில்லை.