அடக்கக் கட்டணமும் சொற்பொருளும்

ஆங்கில நாட்டுப் பங்குக்கோயில்களின் அடக்கம் பற்றிய ஆவணங்களைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், அவற்றிலுள்ள சொற்களை இன்றைய பொருளிலேயே படித்துவிடுவதுண்டு. இதனால் நேரும் பிழைக்கு இரண்டு சொற்கள் சான்றாகும்.

முதலாவது 'மார்ச்சுவரி'. 16ஆம் நூற்றாண்டு ஆவணமொன்றில் இதனைப் 'பிணவறை' என மொழிபெயர்த்தால் தொடரே பொருளற்றுப்போகும். அன்று அச்சொல், இறந்தவரின் உடைமையிலிருந்து பங்குக்குரு பெற்ற பொருளைக் குறித்தது. அது பெரும்பாலும் கால்நடையாகவோ ஆடையாகவோ இருந்தது. 1511இல் இலண்டன் வணிகர் ரிச்சர்டு ஹன்னின் கைக்குழந்தை இறந்தபோது, அதன்மேல் போர்த்திய துணியை இவ்வுரிமையின்படி குரு கேட்டார். ஹன் மறுத்தார், வழக்கு வளர்ந்தது. 1514 திசம்பரில், ஆயரின் சிறையில் அவர் தூக்கில் தொங்கக் காணப்பட்டார். அது கொலை என்றே பிணவிசாரணை நடுவர் குழு முடிவு செய்தது. ஒரு துணியின் விலையை நோக்க, இப்பூசல் மிகப் பெரிது. 1529ஆம் ஆண்டுச் சட்டம் இக்கட்டணத்துக்கு வரம்பு கட்டியது: பத்து மார்க்குக்குக் குறைந்த அசையும் பொருளுடையோர் எதுவும் தரவேண்டியதில்லை, நாற்பது பவுனும் அதற்கு மேலும் உடையோர் பத்து சில்லிங் தரவேண்டும். இச்சொல் பிணம் வைக்கும் இடத்துக்குப் பெயரானது 19ஆம் நூற்றாண்டில்தான்.

இரண்டாவது, வறியவர் எனப் பொருள்படும் 'பாப்பர்'. அடக்கப் பதிவேடுகளில் இது பல நேரம் 'பி' என்னும் ஓரெழுத்தாகச் சுருங்கி நிற்கும். 1783ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அடக்கப் பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்து, வறியவர்க்கு விலக்கு அளித்தது. வரியைத் திரட்டும் பொறுப்பு குருவினுடையது. விலக்குக்குரிய எழுத்தை இடும் கையும் அவருடையதே. இரக்கமுடைய குருமார் சிலர் அதனைத் தாராளமாகவே இட்டனர். எனவே இவ்வெழுத்து வறுமையின் அளவுகோலன்று. 'வரி பெறப்படவில்லை' என்னும் கணக்குக் குறிப்பு. இவ்வெழுத்துகளை எண்ணி ஓர் ஊரின் வறியோர் தொகையைக் கூறும் முறையை ஏற்பதற்கில்லை. 1794இல் அவ்வரி நீக்கப்பட்டது. அதன்பின் ஒரு பதிவேட்டில் 'பி' மறைவதைக் கண்டு அவ்வூர் செழித்ததாக எழுதுவதும் அத்தகையதே.

எழுத்து இடப்படாத பெயர்களிலும் ஐயம் உண்டு. வறியவர் என்னும் பெயருக்கு நாணி மூன்று பென்னியைச் செலுத்திய கூலியாளின் குடும்பத்தை, வசதியுடைய உழவரின் குடும்பத்திலிருந்து பிரித்தறியப் பதிவேட்டில் எக்குறியும் இல்லை.