சிலம்பும் பொம்மையும்: திரைப்படத்திற் பதைப்பு

முல்லைத்தீவுப் பகுதியிலே வழிவழியாக ஆடப்பட்டு வருவது கோவலன் கூத்து. சிலம்பு விற்கச் சென்ற கோவலன் மீளான் என்பதைச் சபையிலிருக்கும் சிறுவனும் அறிவான். அறிந்திருந்தும், பொற்கொல்லன் கையிற் சிலம்பு சேரும்போது சபை பதைக்கின்றது. முடிவு தெரியாமையே பதைப்புக்குக் காரணம் என்னும் கூற்று இதனாற் பொருந்தாதாகின்றது. சபை அறிந்ததைக் கோவலன் அறியான். அந்த இடைவெளியே பதைப்பின் நிலைக்களமாகும்.

திரைப்படத்தில் இவ்வுண்மையைத் தெளிவுறுத்தியவர் அல்பிரட் ஹிட்ச்கொக். பிரெஞ்சு நெறியாளர் துரூபோவுடன் 1962ஆம் ஆண்டு நிகழ்த்திய உரையாடலில் அவர் ஓர் உவமை கூறினார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசையின்கீழ்க் குண்டு திடீரென வெடித்தால், காண்போர்க்குச் சில கணம் திடுக்கீடு. குண்டை முன்னரே காட்டிவிட்டாலோ, அதே வெறும் பேச்சு முழுவதும் பதைப்பு.

குண்டைக் காட்டுவது கமரா. காட்டாமலே உணர்த்துவது இசை. பின்னணியிசை காண்போர் செவிக்கன்றிக் கதைமாந்தர் செவிக்குக் கேளாது. 'சைக்கோ' (1960) படத்தில் ஒரு பெண் களவாடிய பணத்துடன் கார் ஓட்டிச் செல்கின்றாள். கண்ணுக்குத் தெரிவன பாதையும் அவள் முகமுமே. பேர்னாட் ஹேர்மன் நரம்புக் கருவிகளால் மாத்திரம் அமைத்த இசையே, வரவிருக்குங் கேட்டினை நமக்கு முன்னறிவிக்கின்றது.

தமிழ்த் திரையில், மறைக்கும் வழியையும் அறிவிக்கும் வழியையும் ஒருவரே கையாண்டார். அவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். ஏ.வி.எம். தயாரிப்பாக 1954இல் அவர் நெறிப்படுத்திய 'அந்த நாள்' படத்திற் பாடல் ஒன்றேனும் இல்லை. சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய 1943 ஒக்டோபர்ச் சூழலில், வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்படுகின்றான். விசாரிக்கப்படுவோரின் ஐயங்களையெல்லாம், நேரிற் கண்டதுபோலவே மாருதிராவின் கமரா அடுத்தடுத்துக் காட்டுகின்றது. ஈண்டுக் கமரா நடுநிலைச் சாட்சியன்று. பேசுவோர் மனத்தின் ஏவலாள். பாட்டு நுழைந்தாற் கதையின் காலம் நின்றுவிடும். விசாரணையின் பிடியுந் தளரும். ஆதலின் பாடலை நீக்கியது புதுமை வேட்கையன்று, கலைத் தேவையே. இசை வல்லார் ஒருவரே இசையை அடக்கினார் என்பது சிந்திக்கத்தக்கது.

பத்தாண்டின் பின், 1964இல், அவர் 'பொம்மை'யைத் தந்தார். ஒருவரைக் கொல்லும் நோக்குடன் குண்டு வைக்கப்பட்ட பொம்மை கைமாறித் திரிகின்றது. வைத்த இடத்தை நாம் அறிவோம், ஏந்துவோர் அறியார். இப்படத்திற்கு இசையமைத்தவரும் பாலசந்தரே, பாடல்களும் உள. எனினும் குண்டின் நினைவு நெஞ்சில் இருக்கும்வரை பாட்டின் நேரமுங் குண்டின் நேரமே. ஹிட்ச்கொக் கூறிய வெறும் பேச்சின் இடத்தை இங்கே பாட்டுப் பெறுகின்றது. எனவே பாடல் பதைப்புக்குப் பகையென்று பொதுவிதி வகுத்தல் தவறு.

கட்டுக்கோப்பிலும் நடிப்பிலும் 'அந்த நாள்' உயர்ந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் வலிமை புதிரின் வலிமை. விடை தெரிந்தபின் அவ்வாவல் தணிகின்றது. பதைப்பின் இலக்கணத்துக்கு அணித்தாக நிற்பது 'பொம்மை'யே. ஆண்டுதோறும் அதே கூத்தைக் கண்டு அதே இடத்தில் மூச்சடக்கும் வன்னிக் கிழவிக்கு இவ்விலக்கணத்தை எவருங் கற்பித்ததில்லை. சிலம்பு கைமாறும் அக்கணத்தில் மத்தளத்தின் ஒலி அவளுக்குக் கேட்கின்றது, கோவலனுக்குக் கேட்பதில்லை.