டிபி4056: நல்ல சில்லு, அவசரத் தேர்வு

கல்லூரி ப்ராஜெக்ட், வீட்டில் செய்த ப்ளூடூத் ஸ்பீக்கர், வயலில் நிற்கும் ஈரப்பத சென்சார் என்று எதைத் திறந்தாலும், லித்தியம் செல்லுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே போர்டுதான் இருக்கிறது: டிபி4056 சார்ஜர் ஐசி, அதன் அருகே டிடபிள்யூ01ஏ பாதுகாப்பு ஐசி, ஒரு யுஎஸ்பி சாக்கெட், இரண்டு எல்இடி. சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இத்தனை பேர் இதை நாடுவதில் நியாயம் உண்டு. லித்தியம் அயன் செல்லுக்கு வேண்டியதை இது ஒழுங்காகச் செய்கிறது. முதலில் மாறாத மின்னோட்டம், 4.2 வோல்ட்டைத் தொட்டபின் மாறாத மின்னழுத்தம். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிறுத்தம். அந்த 4.2 வோல்ட்டில் பிழை ஒன்றரை சதவீதத்துக்குள் நிற்கிறது. செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே வடிந்திருந்தால் மெல்லிய மின்னோட்டத்தில் தொடங்கி மீட்கிறது. இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் நாம் வாங்குவது ஒரு சார்ஜரை மட்டும். அதையே கருவியின் முழு மின்வழங்கலாக நம்பிவிடுவதில்தான் தவறு தொடங்குகிறது. சார்ஜ் ஏறும்போதும் கருவி ஓட வேண்டுமா? தேர்வுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. அதிகம் கேட்கப்படாததும் இதுதான்.

கருவி 150 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 ஆம்பியருக்கு அமைத்த போர்டு, மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியருக்கு இறங்கினால்தான் செல் நிரம்பியது என்று முடிவு செய்யும். செல்லுக்குப் போவது எவ்வளவு, கருவிக்குப் போவது எவ்வளவு என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டி நிரம்பியதா என்று பார்ப்பது போலத்தான். செல் நிரம்பிய பிறகும் 4.2 வோல்ட்டிலேயே நாள்கணக்கில் பிடித்து வைக்கப்படுகிறது. அதன் ஆயுள் வேகமாகக் குறைகிறது. செல் நன்றாக வடிந்த நிலையில் செருகினால் சிக்கல் எதிர்த்திசையில் வரும். மீட்புக்கு வரும் மெல்லிய மின்னோட்டம் முழுவதையும் கருவியே குடித்துவிடும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், செல் ஏறாது.

இதற்கு ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், ஒரு ஷாட்கி டயோடு, ஒரு ரெசிஸ்டர் போதும். யுஎஸ்பி செருகியதும் கருவி நேரடியாக அந்த 5 வோல்ட்டுக்கு மாறிவிடும், செல் தனியே நிரம்பும். இந்த வேலையை உள்ளேயே செய்யும் எம்சிபி73871, பிக்யூ24075 போன்ற ஐசிகளும் உண்டு. விலை கூடுதல், கையால் சாலிடர் செய்வது கடினம். இருந்தாலும் எப்போதும் செருகியே இருக்கும் கருவிக்கு நான் இவற்றைத்தான் எடுப்பேன். பவர் பேங்குகளில் வரும் ஐபி5306 எளிதான மாற்றாகத் தோன்றும். சுமை மிகக் குறைந்தால் அது தானே அணைந்துவிடும். தூங்கி எழும் சென்சாருக்கு உதவாது.

மின்னோட்ட அளவையும் பலர் பார்ப்பதில்லை. போர்டில் வருவது '122' என்று எழுதிய 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் பொருள் 1 ஆம்பியர். 18650 செல் பெரும்பாலும் இதைத் தாங்கும். 150 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட குட்டி லித்தியம் பாலிமர் செல்லுக்கு இது ஆபத்து. அங்கே 10 கிலோ ஓம் வைத்தால் 130 மில்லி ஆம்பியராகக் குறையும். வடிவதைத் தடுக்கும் டிடபிள்யூ01ஏ 2.4 வோல்ட் அளவில்தான் துண்டிக்கிறது. அது கடைசிக் காவல். 3 வோல்ட்டிலேயே கருவி தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது வெப்பம். இது லீனியர் சார்ஜர். எஞ்சிய மின்னழுத்தம் முழுவதும் சூடாகிறது. செல் 3.2 வோல்ட்டில் இருக்கும்போது 5 வோல்ட்டிலிருந்து 1 ஆம்பியர் ஏற்றினால் 1.8 வாட். அந்தப் போர்டைச் செல்லின் முதுகிலேயே ஒட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான லித்தியம் அயன் செல்களைச் சார்ஜ் செய்ய 45 டிகிரி செல்சியஸ்தான் மேல்வரம்பு. சித்திரை வெயிலில் நிற்கும் மூடிய பெட்டி அதை எளிதில் தாண்டும். செல்லின் சூட்டை அளந்து சார்ஜை நிறுத்த டிபி4056-இல் ஒரு பின் இருக்கிறது. இந்தப் போர்டுகளில் அதை கிரவுண்டோடு இணைத்து முடக்கிவிடுகிறார்கள். அந்தப் பின்னைப் பிரித்து, செல்லில் ஒட்டிய தெர்மிஸ்டரோடு இணைக்காத வரை, வெயிலில் நிற்கும் எந்தக் கருவிக்கும் இந்தப் போர்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.