உழைப்புக்கு மதிப்பெண்

'படம் கிடக்கட்டும், சூர்யா நடிப்பைப் பார்த்தீர்களா?' 2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வெளியானதிலிருந்து அவருடைய ரசிகர்களிடம் எந்தக் குறையைச் சொன்னாலும் இந்தப் பதில்தான் வருகிறது. அவருடைய மனைவி ஜோதிகாவும் சமூக ஊடகத்தில் படத்துக்காக வாதாடினார். முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, ஒலி உறுத்துகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் அந்த அளவுக்குக்கூட இறங்கிவரத் தயாரில்லை. அவர்கள் கணக்கில் இயக்குநர் சிவா தோற்றிருக்கலாம், சூர்யா ஜெயித்துவிட்டார்.

நியாயமானதை முதலிலேயே சொல்லிவிடலாம். படம் வந்த வேகத்தில் பொழியப்பட்ட கேலியில் பாதி வெறும் வன்மம். வெற்றி பழனிசாமியின் ஒளிப்பதிவில் கதை நடக்கும் ஐந்தீவு பிரமாண்டமாகவே இருக்கிறது. எந்த ஷாட்டிலும் சூர்யா ஏனோதானோ என்று வந்து நிற்கவில்லை.

கேள்வி அதுவல்ல. நடிப்பு என்று சொல்லி ரசிகர்கள் எதைப் பாராட்டுகிறார்கள்? சடை, தழும்பு, முறுக்கேறிய தோள், முதலையோடு போடும் சண்டை, தொண்டை கிழியும் கர்ஜனை. இவை அனைத்தும் உழைப்பு. உழைப்பைப் பார்த்து நடிப்புக்கு மதிப்பெண் போடுவது நம் சினிமாவின் பழைய வியாதி. 'வாரணம் ஆயிரம்' வந்தபோது சிக்ஸ் பேக் பேச்சாக இருந்தது. 'ஐ' வந்தபோது விக்ரம் எத்தனை கிலோ இளைத்தார் என்பதே விமர்சனமாகிவிட்டது. சமைத்தவரின் வியர்வையைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு ருசி என்று சொல்வதைப் போன்றது இது.

ஃபேன்டசி படத்தில் இந்த வியாதி முற்றிவிடுகிறது. அங்கே உலகமே பொய். செட்டும் கிராஃபிக்ஸும் அந்தப் பொய்யைக் கட்டித் தரும். நம்பவைக்க வேண்டியவர் நடிகர். 1957இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜன் வத்சலாவாக உருமாறி மணப்பந்தலுக்கு வருவான். வத்சலாவாக நடித்த சாவித்திரிக்கு அங்கே கோரைப் பல்லும் இல்லை, கொம்பும் இல்லை. பட்டுச்சேலையில் நாணிக் குனிந்த மணப்பெண்ணின் கண்ணில் சட்டென்று ஓர் அரக்கனின் திமிர் ஏறும். மாப்பிள்ளையின் காலில் ஒரு மிதி விழும். மறுகணமே நாணம் திரும்பிவிடும். ஒரே உடம்பில் இரண்டு பேர் இருப்பதை நாம் நம்பிவிடுகிறோம். ஃபேன்டசி நடிப்புக்கு இலக்கணம் அதுதான். அதற்கு ஜிம் தேவைப்படவில்லை.

'கங்குவா'விலும் அப்படி ஒரு வாய்ப்பு இருந்தது. சூர்யா நடிக்கும் கங்குவாவின் கையால் செத்த துரோகிக்கு ஒரு மகன். அவனைக் காப்பதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்தவனும் கங்குவாவே. அப்பனைக் கொன்ற கையைத்தான் அந்தப் பையன் பிடித்து நடக்க வேண்டும். என்றாவது தன்னைக் கொல்லத் துணியக்கூடிய பையனைத்தான் இவன் நெஞ்சில் சுமக்க வேண்டும். படத்தில் உண்மையான நாடகம் இருக்கும் இடம் இது ஒன்றுதான். ஒரு தயக்கம், பார்வையைத் தாழ்த்தும் ஒரு குற்றவுணர்வு, பாதியில் விழுங்கிய ஒரு சொல் இருந்திருந்தால் அந்த உறவு உயிர்பெற்றிருக்கும். சூர்யாவோ பாசத்தையும் போருக்குரிய சுருதியிலேயே பிடிக்கிறார். எதிரியிடம் புடைக்கும் அதே கழுத்து நரம்பு பையனிடமும் புடைக்கிறது. எல்லாமே உச்சமென்றால் எதுதான் உச்சம்?

இவருக்கு வராததைக் கேட்கவில்லை. 'சூரரைப் போற்று' விமான நிலையக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்கப் போக டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. முன்பின் தெரியாத பயணிகளிடம் கையேந்துகிறான் ஒரு விமானப்படை வீரன். குரல் உடைகிறது, வெட்கம் முகத்தைப் பிடுங்கித் தின்கிறது, ஆனாலும் அடுத்த ஆளிடம் போகிறான். அந்தப் படத்துக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே நடிகர்தான் இங்கே இரண்டரை மணி நேரம் உறுமிக்கொண்டிருக்கிறார்.

பழியை முழுக்கச் சிவாவின் தலையில் கட்டிவிட்டு ரசிகர்கள் நழுவ முடியாது. எந்த இடத்தில் விசில் பறக்கிறதோ அந்த இடத்துக்காகத்தான் அடுத்த படம் எழுதப்படுகிறது. ஓங்கிக் கத்தினால் நடிப்பு, உடம்பை வருத்தினால் அர்ப்பணிப்பு என்று கொண்டாடிக் கொண்டாடி, இந்தக் கர்ஜனைகளை வரவழைத்தவர்கள் அவர்கள்தான். விமர்சகர்களால் சூர்யாவுக்கு வந்த நஷ்டம் ஒரு படத்தோடு போகும். ரசிகர்களால் வருவது அப்படிப் போகாது.

அடுத்த முறை 'மிரட்டிவிட்டார்' என்று எழுதுமுன், அவர் வாயைத் திறக்காமல் உங்களை நம்பவைத்த ஒரே ஒரு ஷாட்டைச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அது நடிப்பு. முடியாவிட்டால் நீங்கள் பாராட்டுவது உடற்பயிற்சியை.